எல்லா வீட்டுக்கும் கொடுக்கக்கூடிய ஒரு தயிர் இனிப்பு

(நம் குடியிருப்பின் கோடை ஒன்றுகூடலில், கிளப் ஹவுஸில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் செய்துகாட்டிக்கொண்டே பேசியதன் எழுத்து வடிவம். அவர் கேட்டுக்கொண்டபடி அளவுகள் கடைசியில் தனியாகத் தரப்பட்டுள்ளன.)



செயலாளர் சார் எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். அதற்குள் பேசவும் வேண்டும், செய்துகாட்டவும் வேண்டும். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கவலைப்படாதீர்கள், அந்தப் பெட்டிக்குள் நேற்று ராத்திரியே செய்து வைத்தவை இருக்கின்றன. கடைசி வரை உட்கார்ந்தால் ஆளுக்கு ஒன்று உண்டு.

இன்றைக்கு நான் சொல்லப்போவது ஒரு தயிர் இனிப்பு. அடியில் பிஸ்கட் தூள், நடுவில் வெள்ளையாகத் தயிர், மேலே மாம்பழம். கண்ணாடி கிளாஸில் இரண்டு நிறமும் சாய்வாக ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். இதோ, ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன். பார்த்தால் கடையில் வாங்கியது மாதிரி இருக்கிறது இல்லையா? இதற்கு ஓவன் வேண்டாம். முட்டை வேண்டாம். அடுப்பு மட்டும் பத்து நிமிடம் வேண்டும், அதுவும் தண்ணீர் கொதிக்கவைக்க.

ஓவன் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், மே மாதத்தில் நம் சமையலறையில் நிற்கிறவர்களுக்கு அது தெரியும். ஒரு மணி நேரம் ஓவன் ஓடினால் ஹாலில் இருப்பவர்கூட எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது லைட்டும் ஃபேனும்தான். ஓவனைப் போட்டால் டிரிப் ஆகிவிடும். போன வருஷம் ஒரு வீட்டில் கேக் பாதியில் நின்று, அதை ஸ்பூனால் சாப்பிட்ட கதை உங்களில் பலருக்குத் தெரியும். யார் வீடு என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

செய்முறைக்குப் போகும் முன், இதை நான் ஏன் இந்த விதமாகச் செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இது நான் செய்த ஒரு தப்பில் ஆரம்பித்தது. அந்தத் தப்பு யாருக்கு நடந்ததோ அவர் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், என் மகளுக்குப் பிறந்தநாள். வீடியோவில் பார்த்து, பேக் செய்யாத சீஸ்கேக் என்று ஒன்று செய்தேன். தயிர், கிரீம், சர்க்கரை, கெட்டியாவதற்கு ஒரு பவுடர். அந்தப் பவுடரைத் தண்ணீரில் ஊறவைத்து, லேசாகச் சூடாக்கிக் கலக்கச் சொன்னார்கள். கலக்கினேன். மிக அழகாக வந்தது. வெட்டினால் பனீர் மாதிரி நின்றது. எங்கள் தளத்தில் நாலு வீட்டுக்கும் கொடுத்தேன். எதிர் வீட்டுப் பாட்டிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "முட்டை இல்லையே?" என்று கேட்டார். "இல்லவே இல்லை பாட்டி, தயிர்தான்" என்றேன். சாப்பிட்டுவிட்டு, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பாட்டியின் பேத்தி, அப்போது ஏழாவது படித்தாள், என் வீட்டுக்கு வந்தாள். செய்முறை எழுதிக்கொள்ள வந்தவள், மேடையில் இருந்த பவுடர் பாக்கெட்டை எடுத்துப் படித்தாள். "ஆன்ட்டி, இதுல பழுப்பு மார்க் போட்டிருக்கே?" என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். அது ஜெலட்டின்.

இங்கே எத்தனை பேருக்கு ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்று தெரியும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்குத் தெரியாது. மாடு, பன்றி போன்ற விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. அதைக் காய்ச்சி எடுப்பதுதான் ஜெலட்டின். மீனிலிருந்தும் எடுக்கிறார்கள். நிறம் இல்லை, வாசனை இல்லை, பார்த்தால் சர்க்கரைத் தூள் மாதிரி இருக்கும். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத ஒரு பாட்டிக்கு, என் கையால் இரண்டு துண்டு கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் "பாட்டிகிட்ட சொல்லிடாதேம்மா" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் நானும் சொல்லவில்லை. சாப்பிட்டாகிவிட்டது, இனி தெரிந்து என்ன ஆகப்போகிறது, பாவம் வயதானவர், மனசுதான் கஷ்டப்படும் என்று எனக்கு நானே நிறைய சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் லிஃப்டில் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "அன்னிக்குக் கொடுத்தியே, ரொம்ப நன்னா இருந்தது" என்பார். மூன்றாவது நாள் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசவேயில்லை. "தெரியாமதானே பண்ணினே, போ" என்றார். ஆனால் அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் என் வீட்டிலிருந்து எது போனாலும், "வயிறு சரியில்லை" என்று திரும்பி வந்தது. பண்டிகைக்குச் சுண்டல் கொடுத்தேன், அதுவும் வந்தது. அதில் நான் கோபப்பட ஒன்றும் இல்லை. சாப்பாட்டில் ஒருவர் நம்மை நம்பி வாய் வைக்கிறார். அந்த நம்பிக்கை போனால், திரும்ப வர நாள் ஆகத்தான் செய்யும்.

சரி, இதற்கு வழி எங்கிருந்து கிடைத்தது? இரண்டாவது மாடியிலிருந்து. அந்த வருஷம் நோன்பு சமயத்தில் இரண்டாவது மாடி அக்கா ஒரு தட்டு கடல்பாசி கொடுத்தனுப்பினார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், நோன்பு திறக்கும்போது பால் ஊற்றியும், இளநீர் ஊற்றியும், ரோஸ் கலரிலும் துண்டு துண்டாக வெட்டி வைப்பார்கள். வாயில் போட்டதும் எனக்குத் தோன்றியது, இதுவும் கெட்டியாகத்தானே நிற்கிறது, இதில் என்ன போடுகிறார்கள்? மாடி இறங்கிப் போய்க் கேட்டேன். "பாசிதான் அக்கா, கடல்ல விளையறது. சைனா கிராஸ்னு மளிகைக் கடையில கேளுங்க, தருவாங்க" என்றார்.

இதோ, இதுதான் அது. வெள்ளை நிறத்தில் நூல் நூலாக, காய்ந்த நார் மாதிரி. எடையே தெரியாது. இதன் இன்னொரு பெயர் அகர் அகர். பவுடராகவும் கிடைக்கும். சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்த கடற்பாசிகளைக் காய்ச்சி, வடித்து, உலர்த்தி எடுப்பது. சீனாப் புல் என்று பெயர் வைத்திருந்தாலும் இது புல்லும் இல்லை, சீனாவிலிருந்துதான் வரவேண்டும் என்பதும் இல்லை. நம் மன்னார் வளைகுடாவிலேயே இதற்கான பாசி விளைகிறது. மரிக்கொழுந்துப் பாசி என்பார்கள். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பகுதியில் பெண்கள்தான் கடலில் மூழ்கி எடுக்கிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி உள்ளே போவார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-இல் சீகாலஜி விருது என்ற சர்வதேச விருது கிடைத்தது. பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது அந்தக் கைகளையும் நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு கதையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற பெரிய விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஜெலட்டினைத்தான் தட்டில் ஊற்றி வைத்தார்கள். வெயில் காலம் வந்தால் ஜெலட்டின் உருகிவிடும். சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கிவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே என்பவருக்கு இது பெரிய தலைவலி. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே வீட்டில் செய்யும் ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் வெயிலிலும் உருகாமல் நின்றன. "உன்னுடையது எப்படி உருகாமல் நிற்கிறது?" என்று கேட்டார். அகர் அகர் போடுகிறேன் என்றார் அந்த அம்மா. அவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் சிறுவயதில் நியூயார்க்கில் வளர்ந்தவர். அங்கே பக்கத்தில் இருந்த ஒரு டச்சுக் குடும்பம் முன்பு ஜாவாவில் இருந்தவர்கள், அவர்கள் சொல்லிக்கொடுத்தது. அன்றிலிருந்து இன்றுவரை உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் கிருமி வளர்க்கும் தட்டில் அகர்தான். 1882-இல் காக் தன் காசநோய்க் கிருமி ஆராய்ச்சியை வெளியிட்டபோது அகரைப் பற்றி எழுதினார். அந்த அம்மாவின் பெயரை எழுதவில்லை. நாம் இங்கே சொல்லிவிடுவோம்: ஃபேனி ஹெஸ்ஸே.

இந்தக் கதையில் நம் சமையலுக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஜெலட்டின் நம் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். சென்னை மே மாதத்தில் பரிமாறுவதற்குள் ஓரம் கசிய ஆரம்பித்துவிடும். அகர் அப்படி இல்லை. ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரிக்குள் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி வரை போனால்தான் திரும்ப உருகும். அதனால் நம் ஊருக்கு இதுதான் சரி. வெஜிடேரியன் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

இப்போது செய்முறை.

முதல் வேலை முந்தின நாள் ராத்திரி. ஒரு லிட்டர் கெட்டித் தயிர், புளிக்காததாக எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, வடிகட்டியின் மேல் விரித்து, தயிரை ஊற்றி, மூட்டையாகக் கட்டுங்கள். அடியில் ஒரு பாத்திரம், மேலே சின்னதாக ஒரு பாரம். அப்படியே ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். வெளியே குழாயில் தொங்கவிடாதீர்கள், இந்த வெயிலில் புளித்துவிடும். எட்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட பாதி தண்ணீராக வடிந்து, நானூறு கிராம் அளவுக்குக் கெட்டியாக நிற்கும். மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் ஸ்ரீகண்ட் செய்ய இப்படித்தான் வடிக்கிறார்கள். நம் சி பிளாக்கில் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையுங்கள், மெத்தென்று வரும்.

இரண்டாவது, அடிப்பகுதி. பன்னிரண்டு மேரி பிஸ்கட்டை ஒரு கவரில் போட்டு, சப்பாத்திக் கட்டையால் உருட்டித் தூளாக்குங்கள். இது பிள்ளைகள் வேலை. மூன்று டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய் ஊற்றிப் பிசறினால் ஈர மணல் மாதிரி ஆகும். எட்டு கிளாஸிலும் ஒரு ஸ்பூன் போட்டு, அடி தட்டையான டம்ளரால் லேசாக அழுத்துங்கள். கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் இறுகிவிடும். இறுகாமல் கிளாஸைச் சாய்த்தால் தூள் சரிந்து ஓடும்.

மூன்றாவது, தயிர். வடித்த தயிரை முதலிலேயே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியில் வையுங்கள். இதை எல்லோரும் கவனியுங்கள், இந்த இடத்தில்தான் பாதிப் பேருக்குக் கெட்டுப்போகிறது. அகர் 40 டிகிரிக்குக் கீழே போனதும் உறைய ஆரம்பிக்கும் என்றேன் இல்லையா? சில்லென்ற தயிரில் சூடான அகரை ஊற்றினால், ஊற்றிய இடத்திலேயே நூல் நூலாக, சேமியா மாதிரி உறைந்துவிடும். தயிர் அறைச் சூட்டுக்கு வந்திருந்தால், இரண்டும் கலந்தபின்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாகவே இருக்கும். நிதானமாகக் கலக்க நேரம் கிடைக்கும்.

தயிரோடு அரை டின் கன்டென்ஸ்டு மில்க், கால் டீஸ்பூன் ஏலக்காய்த் தூள், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, மத்தால் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், பத்து கிராம் கடல்பாசிப் பாக்கெட்டில் பாதியைக் கத்தரியால் சின்னதாக வெட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரோடு அடுப்பில் வைத்துச் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் கரையும். கரைந்தது என்று எப்படித் தெரியும்? கரண்டியில் எடுத்து ஊற்றிப் பாருங்கள். நார் ஒன்றுகூடத் தெரியக்கூடாது. இந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும் பிள்ளைகள் தள்ளி நில்லுங்கள், கையில் பட்டால் கொதிநீரைவிட ஒட்டிக்கொண்டு சுடும்.

இதோ கரைந்துவிட்டது. இப்போது வடிகட்டி வழியாக, ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே, இன்னொரு கையால் விடாமல் கலக்குகிறேன். ஒருவர் ஊற்ற ஒருவர் கலக்கினால் இன்னும் நல்லது. கொஞ்சம் இங்கே வாயேன்மா, பிடி. ஆமாம், அப்படித்தான். கலந்ததும் உடனே கிளாஸில் ஊற்றிவிட வேண்டும். ஃபோன் வந்தால் எடுக்காதீர்கள்.

சாய்வு எப்படி வருகிறது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு அகலப் பாத்திரத்தில் அரிசி கொட்டி, அதில் கிளாஸைச் சாய்த்துச் செருகி வைக்கிறோம். ஊற்றும் தயிர் தானாகவே சமமாக நிற்கும், கிளாஸ்தான் சாய்ந்திருக்கிறது. அப்படியே முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்தால் உறைந்துவிடும். பிறகு கிளாஸை நிமிர்த்தினால் தயிர் சாய்வாக நிற்கும். ஃபிரிட்ஜில் அரிசிப் பாத்திரத்துக்கு இடம் இல்லையென்றால் நேராகவே ஊற்றுங்கள். ருசி ஒன்றுதான்.

நான்காவது, மாம்பழம். நன்றாகப் பழுத்த இரண்டு பழத்தைக் கூழாக்கினால் ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் மேலே வரும். பாசிப் பாக்கெட்டில் இன்னொரு கால் பங்கை அரை டம்ளர் தண்ணீரில் முன்போலவே ஊறவைத்துக் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, அதன் பிறகு மாம்பழக் கூழைச் சேருங்கள். பழத்தைப் போட்டுக் கொதிக்கவைக்காதீர்கள். பழப் புளிப்போடு சேர்ந்து கொதித்தால் அகருக்குப் பிடிப்பு குறைந்துவிடும், பழ வாசனையும் போய்விடும். பாத்திரத்தின் அடியைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு வந்ததும், ஸ்பூனைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தயிரில் குழி விழும். ரொம்ப ஆறவிட்டால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும். உறைந்தாலும் பயப்பட வேண்டாம், ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மறுபடி சூடாக்கினால் உருகும். தயிர் கலந்ததை மட்டும் அப்படிச் சூடாக்க முடியாது, திரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், கீழே உள்ள தயிர் உறைந்த சூட்டோடு சூடாக மாம்பழத்தை ஊற்றுங்கள். ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் ஊற்றினால் இரண்டும் ஒட்டாது. ஸ்பூன் போட்டதும் மேல் பகுதி தனியாக வழுக்கிக்கொண்டு வரும்.

அவ்வளவுதான். இன்னும் இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில். மேலே நாலு மாதுளை முத்தோ, ஒரு புதினா இலையோ வைத்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

மாம்பழ சீசன் முடிந்தால் என்ன செய்வது? கறுப்புத் திராட்சைச் சாறு நன்றாக வரும், நிறமும் அழகு. இளநீர் ஊற்றினால் கண்ணாடி மாதிரி நிற்கும். அன்னாசியும் பப்பாளியும் மட்டும் பச்சையாகப் போடாதீர்கள். அவற்றில் புரதத்தைக் கரைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அது பட்டால் கொஞ்ச நேரத்தில் தயிர் கசக்கும். அன்னாசிதான் வேண்டும் என்றால் சர்க்கரை போட்டு நன்றாக வேகவைத்து ஆறவிட்டுப் போடுங்கள், கசக்காது.

கட்டி தட்டிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, கிளாஸில் ஊற்றி, மேலே மாம்பழத் துண்டு போட்டுக் கொடுங்கள். சாய்வு வராது, ஆனால் யாரும் மிச்சம் வைக்க மாட்டார்கள். முதல் இரண்டு தடவை எங்கள் வீட்டில் அப்படித்தான் போனது.

இனி, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது. முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை. ஆனால் பாலும் கோதுமையும் இருக்கின்றன. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஏ பிளாக்கில் ஒருவன் இருக்கிறான், அவனுக்காகத் தேங்காய்ப் பாலில் தனியாக ஒரு கிளாஸ் செய்து மூடி போட்டு வைத்திருக்கிறேன். அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன், பிஸ்கட்டும் போடவில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்கள், தயிர்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு கிளாஸில் மூன்று டீஸ்பூன் சர்க்கரைக்குக் குறையாமல் இருக்கிறது, மாம்பழம் தனி. எங்கள் வீட்டுக்காரர் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு மீதியை என்னிடம் தந்துவிடுவார். தருவதாகச் சொல்வார். செய்ததை ஃபிரிட்ஜிலேயே வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். அகர் உருகாது என்பதால் வெளியே வைத்தாலும் பார்க்க அப்படியே நிற்கும், ஆனால் உள்ளே இருப்பது தயிர். பார்ட்டி மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கடைசியாக, பாக்கெட்டின் மூலையைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று வடிவத்தை மாற்றியிருக்கிறார்கள். மார்ஷ்மெல்லோ, சில ஜெல்லி மிட்டாய்கள், பிள்ளைகளுக்கு வாங்கும்போது பாருங்கள். நீங்கள் அசைவம் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் உங்கள் வீட்டுக்கு அது பிரச்சினை இல்லை. அடுத்த வீட்டுக்குத் தட்டு போகும்போது பிரச்சினை. மாடு சாப்பிடாதவர் இருப்பார், பன்றி சாப்பிடாதவர் இருப்பார், முட்டையே தொடாதவர் இருப்பார். நூற்றுச் சொச்சம் வீடு இருக்கிற இடத்தில் யாருக்கு எது ஆகாது என்று நம்மால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் கேட்டுவிடுவது நல்லது. என்ன போட்டோம் என்பதை ஒரு சீட்டில் எழுதி டப்பா மேல் ஒட்டிவிடுவது அதைவிட நல்லது. இன்றைக்கு ஒவ்வொரு கிளாஸிலும் ஒட்டியிருக்கிறேன், பாருங்கள்.

பாட்டி கதையை முடிக்கவில்லை. கடல்பாசியைக் கண்டுபிடித்ததும் நான் அவருக்குச் செய்து எடுத்துக்கொண்டு ஓடவில்லை. பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் படித்தார். பேத்தியைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாலு நாள் கழித்துச் சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. கையில் ஒரு தூக்குடன் பாட்டி நின்றார். "ஆத்துல உறைகுத்தின தயிர். இதுல பண்ணு. நான் இங்கேயே உட்கார்ந்துண்டு பாக்கறேன்" என்றார். அன்றைக்கு மூட்டை கட்டியதும் அவர்தான். இன்றைக்கு நீங்கள் சாப்பிடப்போவதும் அவர் உறைகுத்திய தயிர்தான்.

பாட்டிக்கு முதல் கிளாஸ். அப்புறம் பிள்ளைகள். அப்புறம் நாம். சாப்பிட்டுவிட்டு கிளாஸைக் கழுவி, பி பிளாக் லிஃப்ட் பக்கத்தில் உள்ள டிரேயில் வைத்துவிடுங்கள். போன தடவை நாலு கிளாஸ் திரும்பி வரவில்லை, அதையும் நான் மறக்கவில்லை.



தேவையானவை (எட்டு கிளாஸுக்கு)

அடிப்பகுதி: மேரி பிஸ்கட் 12, உருக்கிய வெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன்.

தயிர்ப் பகுதி: புளிக்காத கெட்டித் தயிர் 1 லிட்டர் (வடித்தபின் சுமார் 400 கிராம்), கன்டென்ஸ்டு மில்க் 200 கிராம், ஏலக்காய்த் தூள் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, கடல்பாசி நூல் 5 கிராம், தண்ணீர் 200 மி.லி.

மாம்பழப் பகுதி: மாம்பழக் கூழ் 250 மி.லி., கடல்பாசி நூல் இரண்டரை கிராம், தண்ணீர் 100 மி.லி. பழம் புளித்தால் மட்டும் சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன்.

நேரம்: தயிர் வடிய 8 மணி நேரம், வேலை 40 நிமிடம், உறைய மொத்தம் 3 மணி நேரம்.